பந்திங்கில் நான் திறந்துவிட்ட கதவு

தினேஷ்,

நீ கூடத்தில் அப்பாவோடு உட்கார்ந்து பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதும் அம்மாவை நினைத்து நீ சிரிக்கலாம். நீ வந்த இரண்டு நாளில் உன்னிடம் எவ்வளவோ பேசிவிட்டேன். நீ போகப் போகிற பெர்த்தில் குளிர் எப்படி, ரசப்பொடியை விமான நிலையத்தில் விடுவார்களா, பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய சட்டைகள் தோளில் சரியாக இருக்கின்றனவா என்றெல்லாம் கேட்டேன். கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை, சொல்ல வந்ததையும் சொல்லவில்லை. இந்த முதல் பத்தியை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

அந்தத் தேர்தல் நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அது எப்படிப்பட்ட வருடம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீதான் அதில் அடிபட்டாய். ஷா ஆலமில் நீ வேலை பார்த்த தொழிற்சாலை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரையும் வாசலில் நிற்க வைத்து ஆளுக்கொரு கடித உறையைக் கொடுத்து அனுப்பியது. அடுத்த மாதமே அப்பாவின் லோரி நின்றது. துறைமுகத்தில் ஏற்றுவதற்குப் பெட்டிகள் இல்லை என்றார்கள். முப்பது வருடம் அதிகாலையில் எழுந்து பழகிய மனிதர் அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். எங்கே போவது என்று தெரியாமல் பாசாருக்குப் போய் ஒரு கட்டு கீரையோடு திரும்புவார். என் வகுப்பில் முதல் பாடம் முடிவதற்குள் பிள்ளைகள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். தூக்கம் என்று நினைத்து இரண்டு நாள் அதட்டினேன். மூன்றாவது நாள்தான் ஒரு பெண் பிள்ளை, "டீச்சர், காலைல சாப்பிடல," என்று மெதுவாகச் சொன்னது. அதன் பிறகு ரொட்டி வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

நீ சிங்கப்பூர் வேலைக்குப் போனதும் அப்போதுதான். ஜொகூர் பாருவில் ஆறு பேரோடு ஓர் அறை, விடிவதற்கு முன் எல்லைப் பாலத்தைக் கடந்து போய் இருட்டிய பிறகு திரும்புகிற வாழ்க்கை. அழைத்தால், "ஓகேதான் மா," என்பாய். குரலில் ஓகே இருக்காது.

அப்படி இருக்கும்போது தேர்தல் வந்தது. இந்த நாடு எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும் என்று எல்லாரும் நம்பினோம். சாப்பாட்டுக் கடையில், கோயிலில், பேருந்தில், எங்கே போனாலும் அதே பேச்சு. ஓட்டுப் போடுவதைப் பற்றிக் கவலையே படாதவர்கள்கூட, அடையாள அட்டையில், அந்த ஐசியில், இருக்கிற முகவரி சரிதானா என்று என்னிடம் கேட்டார்கள். ஏனென்றால் நான்தான் நம் வட்டாரத்து வாக்குச் சாவடிக்குப் பொறுப்பாளர். எத்தனையோ தேர்தலில் அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். "நேர டீச்சர்" என்று பள்ளியில் எனக்குப் பெயர். நீ என் பள்ளியிலேயே படித்தபோது, இரண்டு நிமிடம் தாமதமாக வந்ததற்காக உன்னை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். நாம் ஒரே காரில்தான் வந்தோம். நீ புத்தகப் பையை மறந்துவிட்டுக் காருக்குத் திரும்பி ஓடினாய், அவ்வளவுதான். அதைச் சொல்லிச் சொல்லி நீயே உன் நண்பர்களிடம் சிரிப்பாய். எங்க அம்மா அப்படித்தான் என்று பெருமையாகவும் சொல்வாய். அந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒன்று குறுகும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் ஆட்கள் சேர்ந்து ஒரு பேருந்தை வாடகைக்கு எடுத்தீர்கள். எல்லாரும் கிள்ளான்காரர்கள், எல்லாரும் வேலை போய் அந்தப் பக்கம் போனவர்கள். காலையிலேயே கிளம்பிவிட்டோம் என்று சொன்னாய். நான் சாவடிக்குள் நுழைவதற்கு முன் கைப்பேசியை அணைத்துவிட்டேன், அதுதான் விதி. பாலத்தில் மாட்டிக்கொண்டது, சிரம்பானுக்கு முன்னால் விபத்து, பிறகு மழை என்று நீ வரிசையாக அனுப்பியிருந்த செய்திகளை நான் இரவுதான் பார்த்தேன். கடைசிச் செய்தி, "மா, கிட்ட வந்துட்டோம்." 

அன்றைக்கு எங்கள் வரிசை பள்ளித் திடலைச் சுற்றி வளைந்து நின்றது. ஆறு மணிக்குள் வளாகத்துக்குள் வந்தவர்கள் எல்லாரும் வாக்களிக்கலாம், அதற்குப் பிறகு ஒருவரும் கூடாது. ஆறு மணிக்கு என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு கட்சி முகவர்களும் பார்த்தார்கள். வாசல் கதவு மழையில் இறுகி நகர மறுத்தது. நானும் காவலுக்கு நின்ற இளம் போலீஸ்காரரும் சேர்ந்து தள்ளி மூடினோம். திரும்பி நாலைந்து அடி நடந்திருப்பேன். பேருந்து வந்து நின்றது.

நீங்கள் ஓடி வந்ததைப் பார்த்தேன். மழையில் செருப்பு வழுக்கி ஒருவர் விழுந்து எழுந்து வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அந்த அக்கா, கம்பிகளுக்கு நடுவே ஐசியை நீட்டிக்கொண்டு, "டீச்சர், என் மகன் உங்க கிட்டதான் மூணாம் வகுப்பு படிச்சான், டீச்சர்! காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாம வரோம், டீச்சர்!" என்று கத்தினார். அவருக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"மா! நான்தான் மா! மூணு நிமிஷம்தான் மா!"

போலீஸ்காரர் என்னைப் பார்த்து, திறக்கவா டீச்சர் என்று மலாயில் கேட்டார். அவர் கை தாழ்ப்பாளில் இருந்தது. முகவர்களில் ஒருவர், "மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கு," என்றார். மற்றவர், "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்," என்றார். எல்லாருமே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். "ஆறு மணிக்கு மூடியாச்சு, மன்னிச்சிருங்க," என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு திரும்பி மண்டபத்துக்குள் போய்விட்டேன்.

நீ வீட்டுக்கு வராமல் அதே பேருந்தில் திரும்பிப் போனாய். அப்பா உனக்காகக் கோழிக் கறி சமைத்து, மேசையில் மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை முடிவு வந்தது. நம் தொகுதியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வித்தியாசம், உங்கள் பேருந்தில் வந்த ஆட்களைவிடக் குறைவு. நாடு முழுக்கவும் அப்படித்தான் ஆனது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக வந்து, ஓரிரு இடங்களில்தான் ஆட்சி யாருக்கு என்று முடிவானது. அந்த இடங்களில் ஒன்று நம்முடையது. அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ யாருக்குப் போட்டிருப்பாய் என்றும் தெரியாது. உன்னிடம் ஒருபோதும் கேட்க மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து செய்தியில் எது வந்தாலும், நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும், அதில் அந்தக் கதவின் சத்தம் எனக்குக் கேட்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்க முடியாதது. உள்ளே வரிசையில் நின்ற யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். கம்பிக்கு வெளியே நீ, உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு நான். பெற்ற மகனுக்கே கதவைத் திறக்காத நேர்மையான ஆசிரியை என்று எழுதி வாட்சாப்பில் அனுப்ப, அது நாடு முழுக்கச் சுற்றியது. பாசாரில் மீன் விற்கிறவர் மீனைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார், அவர் தம்பி அந்தப் பேருந்தில் இருந்தவர். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் என்னை நிறுத்தி, "டீச்சர், உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா இந்த நாடு இப்படி ஆகியிருக்குமா?" என்று கையைப் பிடித்தார்கள். பள்ளிக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் தலைமையாசிரியை எனக்கு ஒரு நற்சான்றிதழ் கொடுத்தார். கைதட்டினார்கள். நான் மேடையில் நின்றுகொண்டு, கீழே இறங்கும் படிகள் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சான்றிதழைப் படம் எடுத்து அப்பா உனக்கு அனுப்பினார். நீ ஒரு கட்டைவிரலை மட்டும் திருப்பி அனுப்பினாய்.

பள்ளி விடுமுறையில் சொல்லாமல் ஜொகூர் பாருவுக்கு வந்தேனே, அது எதற்கு என்று நீ கேட்கவே இல்லை. உன்னைப் பார்க்க என்பது பாதிதான். அந்தப் பாலத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அன்று நீ எப்படி வந்தாய் என்று என் காலுக்குத் தெரிய வேண்டும். நீ வேலை முடிந்து வரும் நேரத்துக்கு நான் அந்தப் பக்கம் போய், உன்னோடு திரும்பி வந்தேன். பேருந்து நகரவில்லை. எல்லாரும் இறங்கி நடந்தார்கள், நாமும் நடந்தோம். மோட்டார் சைக்கிள்கள் நம்மை உரசிக்கொண்டு ஊர்ந்தன. புகையில் எனக்கு இருமல் வந்தது. நீ என் கைப்பையை வாங்கி மாட்டிக்கொண்டாய். நான் வாயைத் திறக்கவே பயந்து நடந்தேன். நீதான் முதலில் பேசினாய்.

"மா, நீங்க திறக்கலன்னு எனக்கு கோவம் இல்ல. திறக்க மாட்டீங்கன்னு பஸ்ஸுலேயே எனக்குத் தெரியும். டிரைவர்கிட்டகூடச் சொன்னேன், அண்ணே, எங்க அம்மாதான் அங்க இருக்காங்க, ஒரு நிமிஷம் லேட்டானாலும் முடியாதுன்னு."

"அப்புறம் ஏன்டா வீட்டுக்கு வரல?"

"நீங்க என் மூஞ்சியப் பாக்கல மா. அந்த அக்காவ பாத்தீங்க, போலீஸ்காரர பாத்தீங்க. என்னப் பாக்கவே இல்ல. யாரோ மாதிரி திரும்பிப் போய்ட்டீங்க."

கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போனது. நீ எனக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றாய். நான் சர்க்கரை அதிகம் என்றேன். அப்போது சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உனக்கு நான்கு வயது. நான் பந்திங் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளியில் இருந்தேன். நம் வீடு கிள்ளானில். போக இரண்டு பேருந்து, வர இரண்டு பேருந்து. உனக்கு மூச்சு இழுப்பு வரும். பக்கத்து வீட்டு ஆன்டிதான் உன்னைப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் பள்ளிக்குப் போன் வந்தது, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம் என்று. நான் வந்து சேர்வதற்குள் உன் உதடு நீலமாகி, மறுபடியும் சிவந்து, நீ தூங்கியே போயிருந்தாய். கிள்ளானுக்கு மாற்றல் கேட்டு மூன்று தடவை எழுதினேன். பதிலே இல்லை.

அந்த வருடம் ஒரு தேர்தல். எனக்கு முதன்முதலாகச் சாவடிப் பொறுப்பு கொடுத்தார்கள். அப்போதெல்லாம் ஐந்து மணிக்கு மூட வேண்டும். கதவை மூடிச் சங்கிலி போட்டுவிட்டு நின்றேன். இரண்டு வேன்கள் வந்தன. முன்னால் வந்த காரிலிருந்து ஒருவர் இறங்கினார். அந்த வட்டாரத்தில் பெரிய ஆள், கான்ட்ராக்டர். பெயர் எழுத மாட்டேன், அவர் இப்போது இல்லை. சிரித்துக்கொண்டே வந்தார்.

"டீச்சர், இவங்கல்லாம் பாவம், வேல முடிஞ்சு வராங்க. ரெண்டு நிமிஷம்தானே, லா."

"அஞ்சு மணி ஆயிருச்சுங்க," என்றேன்.

"ஆச்சு ஆச்சு," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க மாற்றல் கடிதம் எந்த மேசையில தூங்குதுன்னு எனக்குத் தெரியும் டீச்சர். பிள்ளைக்கு இழுப்பு வேற இருக்காமே."

உன் இழுப்பைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர் மிரட்டினாரா, உதவி செய்கிறேன் என்றாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சங்கிலியை எடுத்தேன். இரண்டு வேன் ஆட்களும் உள்ளே போனார்கள். மறுபடியும் மூடும்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோட்டத்து வேலைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். அந்த அம்மாள் புதுச் சேலை கட்டியிருந்தார், ஓட்டுப் போடுவதற்கென்றே கட்டிக்கொண்டு வந்தது போல. வேன்கள் உள்ளே போனதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். நான், "நேரம் முடிஞ்சிருச்சு," என்றேன். அவர் சண்டை போடவில்லை. "சரிங்க டீச்சர்," என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். உள்ளே போய், ஐந்து மணிக்கு மூடப்பட்டது என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சில வாரங்களில் மாற்றல் வந்தது. அவர் செய்தாரா, தானாக வந்ததா தெரியாது. விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே என்ற பயம். அந்த மாற்றலால்தான் நீ இழுப்பு வந்த நாளெல்லாம் என் மடியில் இருந்தாய், என் பள்ளியிலேயே படித்தாய், என் காரிலேயே வந்தாய். உன் சின்ன வயது முழுவதும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தது, தினேஷ். அதன் பிறகு நான் நேரம் நேரம் என்று ஆடியதெல்லாம் நேர்மை என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு அது பயம். இன்னொரு தடவை யாராவது குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினால் நான் மறுபடியும் சங்கிலியை எடுத்துவிடுவேனோ என்ற பயம்.

அன்று உன் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் அதுதான். பார்த்திருந்தால் திறந்திருப்பேன். விதிப்படி மூடியது தப்பென்று நான் இப்போதும் சொல்லவில்லை. நாளைக்கே கேட்டாலும் மூடத்தான் செய்வேன். ஆனால் கம்பிக்கு அருகில் வந்து, உன் கையைப் பிடித்து, "என்னால முடியாதுடா, வீட்டுக்குப் போ, அப்பா சமைச்சு வச்சிருக்காரு," என்று சொல்லியிருக்கலாம். அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் நான் பட்ட பயத்துக்கு அன்று மழையில் நின்று நீ விலை கொடுத்தாய்.

போன வாரம் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் இத்தனை வருடமாகத் தெரியாது. "அந்த மாற்றல் ஆர்டர் வந்த அன்னைக்கு நான் கோயில்ல போயி தேங்கா ஒடச்சேன்," என்றார். பிறகு, "இப்ப என்னா செய்யப் போற?" என்று கேட்டார்.

தலைமையாசிரியையிடம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "டீச்சர், அடுத்த வருஷம் ஓய்வு. இப்பப் போயி ஏன் இதையெல்லாம் கிளறுறீங்க? பென்ஷன்ல கை வச்சா என்ன செய்வீங்க?" என்றார். நல்ல மனுஷி, என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் என் படத்தை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பேருந்தில் வந்தவர்கள், நேர்மைக்காகத்தான் நம்மைத் திருப்பி அனுப்பினார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியட்டும். பந்திங்கில் நடந்ததை எழுதி ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு மலருக்கும் கொடுத்திருக்கிறேன். போடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தேர்தல் அலுவலகத்துக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். என்ன நடக்கும் என்று தெரியவில்லை. அதனால்தான் இரண்டு நாளாக ஒரு இடத்தில் உட்கார முடியாமல் அலைகிறேன்.

அறிவுரை சொல்லாத அம்மா உண்டா? ஒன்று சொல்கிறேன். பெர்த்தில் உனக்கு ஆள் பழக்கம் இருக்காது, வேலை நிலைக்க வேண்டும் என்ற கவலை இருக்கும். உன் கஷ்டத்தை நீ சொல்லாமலே தெரிந்துவைத்திருக்கிற ஒருவர், சிரித்துக்கொண்டு சின்ன உதவி ஒன்று கேட்பார். அந்த நேரத்தில் எனக்குப் போன் செய். எத்தனை மணியானாலும் எடுப்பேன். அன்றைக்கு எனக்கு அப்படிப் பேச ஒரு ஆள் இருந்திருந்தால் போதும், நான் கொஞ்சம் தைரியமாக இருந்திருப்பேன். அப்புறம், அங்கே போனதும் தபால் ஓட்டுக்குப் பதிந்துகொள். கடைசி நாள் வரை காத்திருக்காதே. ஒரு நாடு நம்மைக் கைவிட்டது போலத் தோன்றும்போதுதான் அதில் நமக்கு இருக்கிற அந்த ஒரு தாளை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு காலை பத்திரிகை கடைக்கு வரும் நேரத்தில் நாம் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருப்போம். ஊரார் படிப்பதற்கு முன் நீ படிக்க வேண்டும் என்பதால் இதை இன்றே உன் கையில் கொடுக்கிறேன். இன்றைக்கே பேச வேண்டாம், வைத்துக்கொள், யோசி. அப்பா கார் ஓட்டுவார். முன் சீட்டில் உன் பெட்டியை வைக்கச் சொல்லிவிட்டேன். நான் பின்னால் உன் பக்கத்தில் உட்காருவேன். ஒரு மணி நேரப் பயணம். உனக்கு என்ன கேட்க வேண்டுமோ கேள். கோபமாகக் கேட்டாலும் பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

அம்மா